கிரவீனின் ஒரேயொரு வாக்காளர்

என் அத்தான் கேதீஸ்வரனுக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. அந்த நாட்டில் அவர் இருந்ததெல்லாம் நான்கு மணித்தியாலம்தான். கனடாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்களாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நாலு வருடத்துக்கு ஒருமுறை அங்கே தேர்தல் வந்தால் போதும், அது சிட்னி கிரவீனில் எங்கள் அக்கா வீட்டு வரவேற்பறையில்தான் நடக்கிறது என்று வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

அத்தான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் சேவையராக இருந்தவர். எண்பத்தெட்டில் யோகா அக்காவையும் கைக்குழந்தையாக இருந்த நிதுஷனையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தார். இங்கே அவருடைய படிப்பை ஒருவரும் கேட்கவில்லை. கடிதம் பிரிக்கும் நிலையத்தில் இருபத்துநாலு வருடம் நின்றபடி வேலை செய்தார். ஒரு ஊரின் பெயரைச் சொன்னால் அதன் தபால் இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூளைக்கு ஏதாவது போட வேண்டியிருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் அறுபத்தேழு கவுண்டிகளின் வாக்குக் கணக்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் யார் பக்கம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் நின்று நிம்மதியாக முருங்கைக்காய் பொறுக்க முடியாது. ஒருவர் வென்றால் உலகம் அழியும், மற்றவர் வென்றால் தமிழருக்கு விடிவு வரும் என்பது அவர் முடிவு. யார் எவர் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேர் உங்களோடு நிற்பார்கள்.

எதிர்க்கட்சிக்காரனைக்கூட அத்தான் ஒருவாறு பொறுத்துக்கொள்ளுவார். அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாதவர்கள் இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள். தொலைக்காட்சியில் மிச்சிகனிலோ விஸ்கொன்சினிலோ ஒரு மனிசி வந்து, 'நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொன்னால் இவருக்கு இங்கே பிரஷர் ஏறும்.

"உதுக்கெல்லாம் ஆர் வாக்குக் குடுத்தது? இவ்வளவு காலமும் என்னத்தை யோசிச்சவ?" என்று கத்துவார்.

அக்கா குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை நோய் கொஞ்சம் முற்றிவிட்டது. செப்டெம்பரில் வரவேற்பறை மணிக்கூட்டை வாஷிங்டன் நேரத்துக்கு மாற்றி வைத்தார். மணிக்கூட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவரில் கோயில்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. தினமும் காலையில் அதில் ஒரு தாளைக் கிழிப்பது அத்தானின் பொறுப்பு. அந்த வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலையும் அதுதான். அங்கே நாள் முடியாமல் இங்கே தாளைக் கிழிப்பது முறையில்லை என்று சொல்லி, அதைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போட்டார்.

அக்கா செவ்வாயும் வெள்ளியும் மச்ச மாமிசம் தொடமாட்டாள். ஒக்டோபரில் ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தபோது நாள்காட்டி வியாழன் என்றது. நம்பி நண்டு வாங்கினாள். முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பு கொதித்து மணக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் அம்மன் படத்தோடு 'இனிய வெள்ளிக்கிழமை வாழ்த்து' வந்து விழுந்தது. அக்கா அந்தச் சட்டியை அப்படியே கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுத் தலை முழுகப் போனாள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். எனக்கு வெள்ளி, செவ்வாய் பேதம் கிடையாது. நண்டு நன்றாக இருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அந்தக் கடிதம் வந்தது. நவம்பர் கடைசியில் அத்தானுக்கு எழுபத்தைந்து வயது முடிகிறது. நியூ சவுத் வேல்ஸில் எழுபத்தைந்தைத் தொட்டால் வருடா வருடம் டொக்டரிடம் போய், கார் ஓடத் தகுதியானவர் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அத்தான் அந்தப் படிவத்தைக் கருத்துக்கணிப்புத் தாள்களுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனார். தூசி தட்டப் போன அக்கா கண்டெடுத்துத் தானே டொக்டரைக் கூப்பிட்டாள். வழமையான டொக்டர் விடுமுறையில் போயிருந்தார். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது டொக்டரிடம் ஒரேயொரு நேரம்தான் மிச்சம் இருந்தது. நவம்பர் ஆறாம் திகதி, புதன்கிழமை, காலை பதினொன்றரை.

அமெரிக்காவில் அது செவ்வாய் இரவு ஏழரை. முதல் முடிவுகள் வருகிற நேரம்.

"ஏலாது. வேற நாள் எடும்," என்றார் அத்தான்.

"வேற நாள் இல்லை. லைசென்ஸ் போனா நிதுஷன் எங்களைக் குவேக்கர்ஸ் ஹில்லுக்குக் கொண்டுபோய் வைச்சிடுவான். பிறகு உங்கட விருப்பம்," என்றாள் அக்கா.

அது வெறும் மிரட்டல் இல்லை. நிதுஷன் குவேக்கர்ஸ் ஹில்லில் பெரிய வீடு கட்டி, பின் வளவில் ஓர் அறை, ஒரு குளியலறை, கைக்குக் கைபிடி, காலுக்கு வழுக்காத ஓடு என்று சின்ன வீடொன்றும் கட்டி முடித்துவிட்டான். நல்ல பிள்ளை. தகப்பனும் தாயும் அதற்குள் வந்துவிட்டால் தன் கவலை தீரும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறான். அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. அத்தானின் கையில் சாவி இருக்கும்வரை இருவரும் கிரவீனில் தங்கள் வீட்டில் இருக்கலாம். சாவி போனால் வீடும் போனது. அந்தப் புதன்கிழமை அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள அக்கா என்னையும் கூட வரச் சொன்னாள்.

புது டொக்டரின் பெயர் வர்ஷா. சென்னைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். நல்ல மரியாதை. அத்தான் இடது காதில் ஒரு சின்ன இயர்போனை மாட்டிக்கொண்டு போயிருந்தார். டொக்டர் அதைக் காது கேட்கும் கருவி என்று நினைத்து, ஒவ்வொரு கேள்வியையும் பக்கத்துக் கட்டிடத்துக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"அங்கிள்! இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"தேதி?"

"அஞ்சு."

டொக்டர் எதையோ எழுதினாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த பிளாஸ்டிக் முழங்கால் எலும்பைப் பார்த்தேன்.

"இது என்ன பருவம் அங்கிள்? வெயில் காலமா, வசந்த காலமா?"

"இலையுதிர் காலம்," என்றார். ஜன்னலுக்கு வெளியே சிட்னி வசந்தத்தில் ஜக்கரண்டா மரம் ஊதாப் பூவாக நின்றது.

"நாம எந்த ஸ்டேட்ல இருக்கோம்?"

"நியூ சவுத் வேல்ஸ்." அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். "ஆனா டொக்டர், தேர்தலுக்கு இது ஒரு பிரயோசனமும் இல்லாத ஸ்டேட்."

"சரி... நம்ம பிரதமர் யாரு?"

அத்தான் இயர்போனை விரலால் அழுத்திக்கொண்டு கையைத் தூக்கி அவளைப் பொறுக்கச் சொன்னார். "ஒரு அஞ்சாறு மணித்தியாலம் பொறுங்கோ. ஜோர்ஜியா இன்னும் எண்ணுப்படுது. இப்ப அவசரப்பட்டு ஒரு பேரைச் சொல்லக் கூடாது."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். அமெரிக்கத் தேர்தல் குழுவின் மொத்த வாக்கான ஐந்நூற்று முப்பத்தெட்டிலிருந்து குறைக்கட்டோ என்று கேட்டார். மாம்பழம், கதவு, குதிரை என்று மூன்று சொல்லைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து காதுக்குள் ஏதோ ஒரு மாநிலத்தின் முடிவு வந்திருக்க வேண்டும். மூன்றும் போய்விட்டன. கடைசியாக ஒரு தாளைக் கொடுத்து, மணிக்கூடு ஒன்று கீறி அதில் பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னாள்.

"இங்கத்தைய பதினொண்டு பத்தோ, அங்கத்தைய பதினொண்டு பத்தோ?"

டொக்டர் பதில் சொல்லுமுன் அத்தான் இரண்டு மணிக்கூடு கீறிவிட்டார். சேவையர் கை அல்லவா. இரண்டு வட்டமும் கவராயம் வைத்துக் கீறியதுபோல வந்திருந்தன. கீழே 'சிட்னி', 'வாஷிங்டன்' என்று பெயரும் எழுதி, பெருமையோடு தாளை நீட்டினார்.

வர்ஷா அந்தத் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். பிறகு அத்தானையும் அக்காவையும் அறையில் இருக்கவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டாள். அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"அங்கிளுக்கு எப்போ இருந்து இப்படி இருக்கு?"

"நாலு வருசத்துக்கு ஒருக்கா வரும் டொக்டர். டிசம்பரில மாறிவிடும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் இன்னிக்குக் கையெழுத்துப் போட முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு, இருபதாம் தேதி வாங்க. அதுவரைக்கும் கார் ஓட்டக் கூடாது. அன்னிக்கு டெஸ்ட் மட்டும் போதாது. அவர்கூட எப்பவும் கார்ல போறவங்க யாராவது வந்து, அவர் எப்படி ஓட்டறார்னு எங்கிட்ட சொல்லணும். அதைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

அவரோடு எப்பவும் காரில் போகிறவர் உலகத்தில் ஒரே ஆள். அக்கா.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு அடக்க முடியாமல் நிதுஷனுக்குப் போன் எடுத்து, இரண்டு மணிக்கூட்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ் மாமா," என்று மட்டும் சொன்னான். பின்னேரம் ஐந்து மணிக்கு அவனுடைய கார் கிரவீன் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தான், தகப்பனைக் கட்டிப்பிடித்தான், கொழுவியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். எல்லாம் அன்பாகத்தான் நடந்தது.

"ஜஸ்ட் டூ வீக்ஸ் அப்பா. யூ நீட் டு ரெஸ்ட்."

அன்று பொழுதுபடும் நேரத்தில் அமெரிக்காவில் யார் வென்றார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக அந்த மணித்தியாலத்துக்காகக் காத்திருந்த மனிதர் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் கொழுவியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

அடுத்த நாள் வியாழன், கந்தசஷ்டியின் கடைசி நாள். அக்கா ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தவள். மேஸ் ஹில் முருகன் கோயிலில் சூரன்போர். முப்பது வருடத்தில் ஒரு சூரன்போரையும் அவள் விட்டதில்லை. அத்தானுக்குச் சூரனில் பெரிய அக்கறை இல்லாவிட்டாலும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் இருந்து செய்தி கேட்டுவிட்டு, திரும்பக் கூட்டிவருவார். இந்த முறை அக்கா நிதுஷனுக்குப் போன் எடுத்தாள். அவனுக்கு மீட்டிங். எனக்கு எடுத்தாள். தடிமன், தும்மல் என்று சொன்னேன்.

எனக்குத் தடிமன் இல்லை. தொலைக்காட்சியில் வென்ற பக்கத்தாரும் தோற்ற பக்கத்தாரும் மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தவன் மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டேன். அத்தானை நையாண்டி பண்ணுகிற இதே நான்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் குற்றவுணர்ச்சியோடு போய்ப் பார்த்தேன். அக்கா குசினி மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்குத் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, சின்னத் திரையில் சூரன்போர் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, பட்டுச்சேலை, கையில் தேங்காய்த் தட்டு. வெளிக்கிட்டு இருந்திருக்கிறாள். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. சூரனின் தலை விழுகிற இடத்தில் சுத்தமாக நின்றே போனது.

"தடிமன் சுகமோ தம்பி?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

அடுத்த கிழமையிலிருந்து கிரவீன் வீட்டில் உண்மையான தேர்தல் தொடங்கியது. வாக்காளர் ஒருவர். வேட்பாளர் இருவர்.

நிதுஷன் முதலில் களத்தில் இறங்கினான். நாலு மாதமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் ஒரே கிழமையில் மூன்று தரம் வந்தான். வரும்போதெல்லாம் பழப்பெட்டி கொண்டுவந்தான். சின்ன வீட்டின் படங்களைத் தொலைபேசியில் காட்டினான். "அம்மா, உங்களுக்குத் தனிக் குசினி. காத்தோட்டம். ஒவ்வொரு சனியும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு நானே கூட்டிக்கொண்டு போவன். ப்ரொமிஸ். நீங்க டொக்டரிட்ட உண்மையைச் சொன்னாப் போதும்."

"ஒவ்வொரு சனியுமோ?" என்று அக்கா கேட்டாள்.

"மோஸ்ட் சனிக்கிழமை," என்றான்.

எப்படிப் பிரசாரம் பண்ணுவது என்று அத்தான் தொலைக்காட்சியில் நிறையவே பார்த்திருந்தார். ஆனாலும் தொடக்கத்தில் வேண்டாத வழியில் போனார். எதிராளியைத் தாக்கினார். நிதுஷன் கார் ஓடுவதைப் பார்த்ததுண்டா, அவனுக்கு ரவுண்டபவுட்டில் யாருக்கு வழி விட வேண்டும் என்றே தெரியாது என்றார். பெற்ற பிள்ளையைச் சொன்னது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அன்று ரசம் மட்டும்தான் கிடைத்தது. உடனே திசையை மாற்றி வாக்குறுதிகளில் இறங்கினார். மணிக்கூட்டைச் சிட்னிக்குக் கொண்டுவந்தார். நாள்காட்டியில் விடியக் காலையிலேயே தாள் கிழித்தார். ஒரு நாள் நான் போனபோது கண்ணில் தண்ணீர் வழிய வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் வெட்டிய முதல் வெங்காயம் அது. துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

"சிறி, இஞ்ச வாரும்," என்று என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா எந்தப் பக்கம் சாயிறா எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருமன். நான் கேட்டதெண்டு சொல்லாதையும்."

ஆக நான் கருத்துக்கணிப்பாளன் ஆனேன். குசினிக்குப் போய், சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அக்கா இரண்டு வடையைத் தட்டில் வைத்துத் தந்து, "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்," என்றாள். மேசையில் ஏதோ புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தவள், நான் கிட்டப் போனதும் மூடிக் கையலமாரிக்குள் வைத்தாள். தேவாரப் புத்தகமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

"என்னவாம்?" என்று அத்தான் வாசலில் நின்றார்.

"இன்னும் முடிவெடுக்கேல்லையாம்."

முன்பென்றால் அந்தச் சொல்லைக் கேட்டதும் துள்ளிக் குதித்திருப்பார். இப்போது தலையைக் குனிந்துகொண்டார். "பாவம், அவவுக்கும் யோசிக்க நேரம் வேணும்தானே," என்றார். அந்தக் குரலில் அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை.

சொல்லத்தான் வேண்டும், அக்கா அந்த இரண்டு கிழமையும் நன்றாக அனுபவித்தாள். மகன் பழம் உரித்துக் கொடுத்தான். புருஷன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இருவர் சொல்வதையும் கவனமாகக் கேட்டாள், இருவரிடமும் மேலும் விபரம் கேட்டாள், ஒருவருக்கும் பிடி கொடுக்கவில்லை. இடையில் ஒரு நாள் தனியாக பஸ்ஸில் எங்கோ போய்வந்தாள். கேட்டதற்கு, அலுவல் என்றாள். வேட்பாளர்கள் இருவரும் தங்கள் தங்கள் வாக்குறுதியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள்.

இருபதாம் திகதி நிதுஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். பூட்டிக் கிடந்த தகப்பனின் காரை எடுத்து எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் ஸ்பீக்கரில் அலுவலகத்தோடு கதைத்தான். இரண்டு இடத்தில் பிரேக்கைப் பிடித்த பிடியில் அக்காவின் கைப்பை கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த அத்தான் வாயைத் திறக்கவில்லை. வாக்கெடுப்பு நாளில் பிரசாரம் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

வர்ஷா இந்த முறை சாதாரணக் குரலில் கேட்டாள். அத்தானின் காதில் ஒன்றும் இல்லை. புதன்கிழமை, இருபதாம் திகதி, நவம்பர், வசந்த காலம். பிரதமரின் பெயர், மாநில முதல்வரின் பெயர், கேட்காமலே எங்கள் நகரசபைத் தலைவரின் பெயர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து இரண்டுவரைக்கும் போனார். மணிக்கூடு ஒன்றே ஒன்று கீறினார். டொக்டர் சிரித்தாள்.

"வெரி குட் அங்கிள். கொஞ்சம் வெளில உட்காருங்க. ஆன்ட்டிகூடப் பேசிட்டுக் கூப்பிடறேன்."

அத்தான் எழும்பினார். கதவடியில் ஒருமுறை நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். தன்னைப் பற்றிய முடிவை மற்றவர்கள் உள்ளே இருந்து எடுக்க, தான் வெளியே போய் இருக்க வேண்டும். ஒரு வருடமாகத் தனக்கு வாக்கில்லாத ஒரு தேர்தலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இந்தத் தேர்தலிலும் வாக்கு இல்லை. எனக்கு அவர் மேல் அப்படியொரு இரக்கம் வந்தது. நானும் எழும்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினாள். "நீயும் கேள்," என்றாள்.

"ஆன்ட்டி, அவர் ஓட்டறப்போ உங்களுக்கு எப்பவாச்சும் பயமா இருந்திருக்கா?"

"அவர் வாயைத் திறந்தாத்தான் பயம். கையும் காலும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. முப்பத்தாறு வருசத்தில ஒரு கீறல் இல்லை."

"அம்மா, பி ஒனஸ்ட்," என்று நிதுஷன் குறுக்கிட்டான்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "நீ கடைசியா எப்ப அப்பாட காரில ஏறினனி?"

அவன் வாயைத் திறந்தான். யோசித்தான். விரல் விட்டும் எண்ணிப் பார்த்தான்.

டொக்டர் இருவருக்கும் நடுவில் ஒரு சமாதானம் தேடினாள். "அப்படின்னா ஒரு வழி இருக்கு. வீட்டிலேருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள மட்டும் ஓட்டலாம்னு ஒரு நிபந்தனையோட குடுக்கச் சொல்லி எழுதறேன். கடை, கோயில், கிளினிக் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். எல்லாருக்கும் நிம்மதி."

நிதுஷன் தலையாட்டினான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"வேண்டாம் பிள்ளை," என்றாள் அக்கா. "அவருக்கு நிபந்தனை இல்லாத முழு லைசென்ஸ் வேணும். கார் பழக்கிறவருக்கு அப்பிடி இருந்தாத்தான் பிரச்சினை வராது. நான் புத்தகத்தில வாசிச்சனான்."

"யாருக்குப் பழக்க?" என்றாள் டொக்டர்.

அக்கா கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய படம் போட்ட, கார் பழகுகிறவருக்கான லைசென்ஸ். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை கிழிக்காத இரண்டு மஞ்சள் தகடுகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பில் பெரிய 'எல்'.

"கேள்விச் சோதனை கொம்பியூட்டரில செய்தனான். மூண்டாந்தரம்தான் பாஸ். போன செவ்வாய் பஸ்ஸில போய்க் கார்டை எடுத்தனான்."

"அம்மா, யூ ஆர் சிக்ஸ்ட்டி நைன்!" என்றான் நிதுஷன்.

"ஓம். எண்பத்தெட்டில வந்த கையோட முப்பத்துமூண்டு வயசில கேட்டனான். உங்கட அப்பா, 'உமக்கு என்னத்துக்கு, நான் இருக்கிறன்தானே' எண்டார். நீ லைசென்ஸ் எடுத்த நேரம் உன்னட்டக் கேட்டனான். 'நான் இருக்கிறன்தானே அம்மா' எண்டனி." என்னைப் பார்த்தாள். "உன்னட்டயும் கேட்டனான் தம்பி. நீயும் அதைத்தான் சொன்னனி." கைப்பையை இழுத்து மூடினாள். "சூரன்போர் அண்டைக்குத் தேங்காய்த் தட்டைக் கையில வைச்சுக்கொண்டு மூண்டு பேருக்கும் காத்துக்கொண்டிருந்தனான். ஒருத்தரும் இருக்கேல்லை."

நிதுஷன் தன் கைகளைப் பார்த்தான். தடிமனைப் பற்றிய உண்மையை அப்போதே சொல்லிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை. வர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை இழுத்து, நிபந்தனைக்கான இடத்தில் ஒரு கோடு கீறிவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள்.

அத்தானை உள்ளே கூப்பிட்டார்கள். கையெழுத்தைக் கண்டதும் முகம் முழுக்கப் பல்லாகியது. பிறகு மேசையில் கிடந்த மஞ்சள் தகடுகளைக் கண்டார். அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"உமக்கு என்னத்துக்கு, நான்..." என்று தொடங்கினார்.

டொக்டரோடு சேர்த்து நாலு பேரும் அவரையே பார்த்தோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாயை மூடினார். நிதுஷன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தகப்பனிடம் நீட்டினான். அத்தான் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு அக்காவின் கையில் கொடுத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அத்தானே குனிந்து முன்னுக்கும் பின்னுக்கும் தகடுகளைக் கட்டினார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறினாள். அத்தான் பக்கத்தில். நானும் நிதுஷனும் பின்னுக்கு. கார் ஒருமுறை துள்ளிக் குலுங்கி நின்றது. அத்தானின் வலது கை தன்பாட்டில் எழும்பியது.

"கையை எடுங்கோ," என்றாள் அக்கா. "பின்னுக்கு இருக்கிற ரெண்டு பேரும் பெல்ட்டைப் போடுங்கோ."

போட்டோம். கார் மெல்ல நகர்ந்தது. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் எங்கே போகிறோம் என்று தெரியாமல், வாய் திறக்காமல், யோகா அக்கா போன பக்கம் போனோம்.